ஈ மொய்க்காத கருவாடு

ஆரையம்பதியில், வாவிக்கரையில், பழைய வலையின்மேல் காயும் கருவாடு. நல்ல நடுப்பகல். அதன்மேல் ஒரு ஈகூட இல்லை. அம்மாவின் தங்கையான சின்னம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். அவருடைய முகம் அதற்குப் பிறகுதான் வரும்.

சண்டைக்காலத்தில் சித்தப்பா காணாமற்போன பின்பு, சின்னம்மா கருவாடு போட்டுத்தான் தன் ஒரே மகளை வளர்த்தார். இரவில் தோணி இறக்கத் தடை. விடிந்து, சோதனைச்சாவடி திறந்து, மீன் கைக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். உப்புக்கும் தட்டுப்பாடு. ஈ மொய்த்துப் புழு வைத்த கருவாட்டை யார் வாங்குவார்கள்? வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் வயல் செய்யும் ஒருவர்தான் வழி சொன்னார்: வெள்ளாமைக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீர், மீனை முக்கியெடுத்து விரித்தால் போதும். அதன்பின் ஈக்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சந்தையில் சின்னம்மாவின் கருவாட்டுக்குத் தனி மதிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்கள், அப்படித்தான் வாங்கினார்கள். நாங்களும் பெருமை பேசித் தின்றோம். யாருக்காவது வாந்தி, தலைச்சுற்று, கைநடுக்கம் என்றால் பயத்தில் வந்தது என்போம். குண்டுக்குப் பயந்த காலத்தில் சோற்றுக்குப் பயப்பட யாருக்கு நேரமிருந்தது?

காகம் விரட்டுவது சின்னம்மாவின் மகளான தங்கச்சியின் வேலை. சின்னஞ்சிறு பிள்ளை, பாதி காய்ந்ததைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் மருந்தில் முக்கி விரித்ததை ஈரம் காயுமுன்னே தின்றுவிட்டாள். நான் போனபோது வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம். சாவடியில் பாதையை மூடியிருந்தார்கள். எங்கோ வெடிச்சத்தமாம். திறக்கும்வரை சின்னம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தார்ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சோறும் எங்கள் கருவாடும்தான் என்றார் சின்னம்மா. டொக்டர் பிள்ளையின் மூடிய கையை விரித்து மணந்து பார்த்தார். பூச்சிமருந்து வாடை.

"இத எத்தின பேருக்கு வித்தீங்க அம்மா?"

அந்தக் கேள்வி விளங்கச் சின்னம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. பொழுதுபட முன்னமே தங்கச்சி போய்விட்டாள். அந்த நேரத்தில் அதைக் கேட்ட டொக்டர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அவர் கேட்டது சரி என்பதும் தெரியும்.

அதன்பிறகு சின்னம்மா கருவாடு போடவில்லை. நெடுங்காலம் கழித்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவருடைய சோற்றுக் கோப்பையில் ஒரு ஈ வந்து இருந்தது. விரட்டக் கையை ஓங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு புள்ள. அது எழும்பிப் பறக்குதா எண்டு பாத்திட்டுத் தின்னுறன்."

சின்னம்மாவும் இப்போது இல்லை. சாவடிகளும் இல்லை, பாதை எந்நேரமும் திறந்திருக்கிறது. போன கிழமை சந்தையில் கருவாடு வாங்கப் போனேன். வியாபாரி பெருமையோடு குவியலைக் காட்டினார்.

"பாருங்க அக்கா, ஒரு ஈ இருக்கா?"

நல்ல நடுப்பகல். நெடுநேரம் நின்று பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை.