ஞானவடிவின் வெள்ளைச் சேலை

நாசரேத்துப் பக்கத்துப் பெண்ணான ஞானவடிவு, குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அன்றிலிருந்தே குழப்பம் அவளோடு குடித்தனம் நடத்தியது. அந்த லயத்தில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடு அவளுடையது ஒன்றுதான். அடுத்த வீட்டு மொக்கம்மாள் சாமிக்குப் படைத்த பொங்கலை நீட்டினால், வாங்கலாமா கூடாதா என்று யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் பொங்கல் ஆறிப்போகும். அவளுடைய பொட்டில்லாத நெற்றி மொக்கம்மாளின் கண்ணை முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

1954-இல் அவளுக்கு அங்கே முதல் கிறிஸ்துமஸ். மொக்கம்மாள் வாய் நிறையத் ‘தம்பி’ என்று கூப்பிடும் அவள் புருஷன் ஆசீர்வாதம் கழுதைகளில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிக்குப் போயிருந்தான். பண்டிகைக்குப் பச்சரிசியும் வெல்லமும் வாங்கிக்கொண்டு முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. மலையில் நல்ல மழை. ‘ஆற்றில் தண்ணீர் வடியட்டும் என்று தங்கியிருப்பார்’ என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டாள். விடிந்ததும் குளித்து, பெட்டியிலிருந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். அவள் ஊரில் பண்டிகை ஆராதனைக்குப் பெண்கள் வெள்ளைதான் கட்டுவார்கள். மேல் தோட்டத்து உபதேசியார் அங்குள்ள வேதக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஏலக்காய் ஸ்டோரில் ஜெபம் நடத்துவதாக ஏற்பாடு.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த மொக்கம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வெறும் நெற்றி, வெள்ளைச் சேலை. குடம் கீழே விழுந்தது.

“அடி ஆத்தே! என் தம்பி போயிட்டானா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து ஞானவடிவைக் கட்டிக்கொண்டாள்.

தனக்குத் தெரியாத சேதி மொக்கம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது என்றே ஞானவடிவு நினைத்தாள். அவளும் கதறினாள். லயமே கூடி அழுதது. ஆண்கள் இரண்டு பேர் கம்பும் கம்பளியுமாகப் புறப்பட்டே போனார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

“யாரு மதினி பாத்தது? எங்க கிடக்காரு?” என்று வெகுநேரம் கழித்துத்தான் ஞானவடிவுக்குக் கேட்கத் தோன்றியது.

“நீதானே தாயி வெள்ளை உடுத்தி வந்து நின்ன?”

“இது பண்டிகைச் சேலை மதினி!”

மொக்கம்மாள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஆனால் ஞானவடிவின் பயம் போகவில்லை. மனுஷன் இன்னும் வரவில்லையே! கர்த்தர் பிறந்த நாளில் இப்படி நடக்குமா? நடந்தால் அவரிடம் என்னவென்று கேட்பது? ஜெபம் வாயில் வரவே இல்லை. மொக்கம்மாளோ கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, “ஜக்கம்மா! என் தம்பி நல்லபடியா வந்து சேரட்டும். இவ நெத்தியில என் கையால உன் குங்குமத்தை வைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது கழுதை மணிச் சத்தம் கேட்டது. ஆற்றைக் கடந்ததில் தொப்பலாக நனைந்து வந்த ஆசீர்வாதம், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தான்.

“யாரு செத்துப்போனது?”

“நீதான்டா!” என்ற மொக்கம்மாள் அழுதபடியே சிரித்தாள். ஓடிப்போய்க் குங்குமத்தை எடுத்துவந்து ஞானவடிவின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

ஸ்டோரில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஞானவடிவு விரலை நெற்றிக்குக் கொண்டுபோனாள். அழித்தால் மொக்கம்மாளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அழிக்காவிட்டால் உபதேசியார் முகத்தை? கடைசியில் முந்தானையால் முக்காடிட்டு, புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். புருஷனைத் திருப்பித் தந்தவரின் பெயரைத் தயங்காமல் சொன்னாள். தனக்காக அழுதவளின் பெயரையும் அந்த ஜெபத்திலேயே சொன்னாள். அது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்தானையில் சிவப்பாய் ஒரு கறை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் அதே சேலையைத்தான் கட்டினாள். உபதேசியார் ஒருமுறை கேட்டபோது, “கறை போகல ஐயா” என்றாள். அந்த இடத்தில் மட்டும் அவள் சவுக்காரமே போட்டதில்லை.