பச்சை கேட்டின் முன் ஒரு நிமிடம்

கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்பக்கம் நான் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் டை கட்டிய ஓர் ஆள் கடைக்கு வந்தான். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு விடாமுயற்சியும் நல்ல பழக்கமும் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்துகிறானாம். காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வெற்றியை மனத்தில் பார்க்க வேண்டுமாம். காலையில் எழுந்ததும் நான் நினைப்பது மெஷினில் மை இருக்கிறதா என்றுதான். வேறு கடை பார் என்று அனுப்பிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அந்த வகுப்பைப் பத்து வயதில் ஓர் ஓட்டை வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்தே முடித்தவள் நான். அப்போது அது வகுப்பு என்று தெரியாது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா பள்ளி வேன் ஓட்டினாள். அப்பா அப்போது எங்களோடு இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. வேன் இருந்தது, வேனுக்கு வங்கிக் கடன் இருந்தது. தவணை தவறினால் வேனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேன் போனால் வாடகை வீடும் போகும். கடல் பாலத்தைத் தாண்டி, கூலிமில் மாமா வீட்டுப் பின்னறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு பெரியவர்கள் எல்லாவற்றையும் பிள்ளைகள் எதிரிலேயே பேசுவார்கள்.

வேன் பழைய டீசல் வண்டி. காலையில் விடியுமுன்னே அதை முடுக்கினால் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். கதவை இழுத்துச் சாத்தினால் இரும்புக் கடையில் சாமான் இறக்குகிற மாதிரி இருக்கும். உள்ளே புழுக்கம். ஆனால் அம்மா நேரம் தவறமாட்டாள். மழையோ, எனக்குக் காய்ச்சலோ, முந்தின நாள் யாரோடாவது சண்டையோ, வேன் அதே நேரத்துக்குக் கிளம்பும், அதே வரிசையில் அதே வாசல்களில் நிற்கும்.

அந்த வருஷம் ஏர்கோன் போட்டுக் குளுகுளுவென்றிருந்த புது வேனோடு ஓர் அங்கிள் எங்கள் தாமானுக்குள் வந்தார். முதலில் எங்களை விட்டுப் போனது பச்சை கேட் வீட்டுப் பையன். அவன் அம்மா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர், வாய் கொஞ்சம் நீளம். “பையனுக்கு வேர்க்குரு வருதும்மா. உன் வண்டில ஏறினா ஆவில வெந்த மாதிரி இறங்குறான்” என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். வேனில் இடம் நிறைய ஆயிற்று. மிச்சமிருந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சீட்டில் படுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பையன் நின்றுபோன மறுநாளே அம்மா பச்சை கேட் முன்னால் வழக்கம்போல வேனை நிறுத்தினாள்.

பழக்கதோஷம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நிறுத்தினாள். கதவைக்கூடத் திறந்து சாத்தினாள். யாரும் ஏறவில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினாள். வாரம் முழுக்க இப்படித்தான். போனவர்கள் எல்லார் வீட்டு வாசலிலும் நின்றாள்.

எனக்கு மானம் போயிற்று. கெஞ்சிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பச்சை கேட் வரும்போது சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்வேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“அவன்தான் வரலயே, எதுக்கும்மா நிக்கிறீங்க?”

“இங்க நிக்காம போனா அடுத்த வீட்டுக்கு முன்னாடியே போயிருவோம். அந்தப் புள்ள அப்பத்தான் சாக்ஸ் போட்டுக்கிட்டு இருக்கும்.”

“அப்ப வீட்டுலேருந்து லேட்டா கிளம்பலாம்ல?”

“ம். அப்புறம் இன்னும் கொஞ்சம் லேட்டா. அப்புறம் போகாமலே இருந்துரலாம். பேசாம வா.”

ஒரு காலை அந்த ஏர்கோன் அங்கிள் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். சந்து குறுகல். நாங்கள் நகர்ந்தால்தான் அவர் பச்சை கேட்டுக்கு வர முடியும். ஹார்னை அழுத்தினார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

“எக்கா, ஆளில்லாத வீட்டுக்கு என்னா லா காவலு?”

அம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். “ஒரு நிமிஷந்தான் தம்பி. பொறுத்துக்கோங்க” என்றாள். அந்த ஒரு நிமிடத்தை முழுசாக எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

பிறகு வேன் கெட்டுப்போனது. வர்க்‌ஷாப்காரர் ஒரு வாரம் ஆகும் என்றார். அம்மா கீழ்வீட்டுக்காரரின் சின்னக் காரை இரவல் வாங்கி, மிச்சமிருந்த பிள்ளைகளை இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டாள். இரண்டு நடை என்பதால் காலி வாசல்களில் நிற்க நேரமில்லை. எனக்கு நிம்மதி. குனிய வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமா கூலிமிலிருந்து வந்தார். அம்மாவின் அண்ணன், நல்லவர்தான். நல்லவர்கள்தான் நம்மைச் சீக்கிரம் சோர்ந்து உட்கார வைத்துவிடுவார்கள். சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“போதும்மா. வர்க்‌ஷாப்புலயே வச்சு வித்துரு. எவ்வளவு நாளைக்கு இந்தக் கஷ்டம்? பாப்பாவ அங்க ஸ்கூல் மாத்திக்கலாம். நீயும் கொஞ்சம் நிம்மதியா தூங்கலாம்.”

அம்மா மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வழக்கமாக மாமா ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அன்றைக்குத் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “சரிண்ணே, நாளைக்கு யோசிச்சு...” என்று தொடங்கினாள்.

கதவை யாரோ தட்டினார்கள். தட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடித்தார்கள்.

பச்சை கேட் வீட்டு அக்கா. தொழிற்சாலைச் சட்டையோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். உள்ளே வரச் சொல்லுமுன்பே தொடங்கிவிட்டார்.

“ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? இந்த வாரம் பூரா ஏன் வரல?”

அம்மா எழுந்து நின்றாள். “எங்கக்கா வரல?”

“என் வீட்டு வாசலுக்குத்தான். உன் வேன் சத்தம் கேட்டாத்தான் நான் அடுப்ப அமத்துவேன். கதவு சத்தம் கேட்டா அவன பாத்ரூம்லேருந்து இழுப்பேன். அவன் சட்டைய மாட்டுறதுக்கும் அந்த ஏர்கோன்காரன் வர்றதுக்கும் சரியா இருக்கும். இந்த வாரம் நீ வரல, இவன் எழும்பல. அந்த ஆளு ஒரு ஹார்ன் அடிச்சான், போயிட்டான். நாந்தான் பையன மோட்டார் சைக்கிள்ல வச்சிக்கிட்டு ஓடினேன். லேட்டுனு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் ஏசிட்டான். நேத்தும் ஏசினான். என் வேல போனா நீயா சோறு போடுவ?”

மாமா என் காதருகே குனிந்தார். “யாரு பாப்பா இது? நம்ம வேன்ல வர்ற பையனோட அம்மாவா?”

“இல்ல மாமா. நம்ம வேன்ல வர்றதில்ல.”

“அப்புறம் எதுக்கு ஏசுது?”

“நம்ம வேன் வரலன்னு.”

மாமா இதைக் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்த அக்காவிடம் ரொம்பப் பணிவாக, “எக்கா, அவ்வளவு தூரம் வந்து நிக்கிற வண்டிதானே. பையன அதுலயே ஏத்தி விட்டுட்டா என்னா?” என்று கேட்டார்.

அக்கா வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே சுழன்ற காற்றாடியை அண்ணாந்து பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

“புழுக்கமா இருக்குன்னு சொல்றான்.”

“ஜன்னலத் தொறக்கச் சொல்லுங்க” என்றார் மாமா.

“வண்டி திங்கக்கிழமை வந்துரும்க்கா” என்றாள் அம்மா. அக்கா போகும்போது, “லேட்டா வந்துராத” என்று அதட்டிவிட்டுத்தான் போனார். மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, “சரி, வருஷக் கடைசி வரைக்கும் பாரு. அப்பவும் முடியலன்னா வா” என்று சொல்லிக் கிளம்பினார். வருஷக் கடைசி வந்தது, போனது. நாங்கள் கூலிமுக்குப் போகவில்லை. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. வேனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதை ஓட்டித்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தாள்.

எனக்கு இனிமையாகப் பேச வராது. கடைக்கு வரும் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் யாருமே வராத நாட்களிலும் என் கடை சொன்ன நேரத்துக்குத் திறந்திருக்கும். பல்கலைக்கழக விடுமுறையில் தெருவே வெறிச்சோடும். பக்கத்துக் கடைக்காரர், “யாருக்குக்கா தொறந்து வச்சிருக்கீங்க?” என்று கேட்பார். நான் சொந்தமாகச் சம்பாதித்த புத்தி இது இல்லை. அம்மா கொடுத்தது. அவளிடம் நேரில் நன்றி சொன்னதில்லை. சொன்னால், “ஏன், உடம்பு சரியில்லையா?” என்று கேட்பாள். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமையையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் இருட்டு. வேன் பழையபடி சத்தம் போட்டுக்கொண்டு பச்சை கேட் முன்னால் நின்றது. அம்மா கதவைத் திறந்தாள். தலை வாராத பையன் ஒருவன் ஏறி, என் பின்னால் உட்கார்ந்து, “ஜன்னல் எப்படித் தொறக்கிறது?” என்று கேட்டான். காட்டிக்கொடுத்தேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். வேன் நகரவில்லை. ஒரு நிமிடம் தாண்டிப் போனது.

“அம்மா, லேட்டாவுது.”

“முன்கண்ணாடி மங்கலா இருக்கு. எறங்கித் தொடச்சிட்டு வா.”

துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் எட்டி எட்டித் துடைத்தேன். அழுக்கு எதுவும் இல்லை, பனியும் இல்லை. வர்க்‌ஷாப்பில் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். திரும்பி ஏறி எரிச்சலோடு சொன்னேன், “கண்ணாடி சுத்தமாத்தானேம்மா இருக்கு.”

“இப்ப சரியாயிருச்சு” என்று சொல்லி அம்மா வேனைக் கிளப்பினாள். சும்மா கிடந்த கண்ணாடிக்காக நேரத்தை வீணாக்கிவிட்டாளே என்று பள்ளி வரும்வரை அவளோடு பேசாமலே வந்தேன்.