பாதியில் நின்ற குழாய்

எங்கள் கிர்கிஸ் நகரத்தை ஆள்பவர்களுக்குப் பணத்தை நிர்வகிக்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதெல்லாம் நன்றாகத் தெரியும். யாருக்காக நிர்வகிக்கிறார்கள் என்று கேளுங்கள். வசந்தம் வந்தால் சதுக்கத்து நடைபாதைக் கல்லைப் பெயர்ப்பார்கள், அதே இடத்தில் வேறு கல்லைப் பதிப்பார்கள். மிச்சம் இருந்தால் ஒரு நீரூற்று. தூ!

உமுத்கானைப் பற்றிச் சொன்னால் புரியும். எங்கள் பேட்டை மழலையர் பள்ளியில் சமையல் வேலை. ரஷ்யாவுக்குச் சம்பாதிக்கப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். சொந்தப் பிள்ளை இல்லை. கஞ்சி வேண்டாமென்று அடம்பிடிக்கும் பள்ளிக் குழந்தைகள்தான் அவளுக்கு எல்லாம்.

இலையுதிர்காலத்தில், அறைகளைச் சூடாக்கப் பள்ளிக்கு வரும் வெந்நீர்க் குழாய் வெடித்தது. அறைகளில் சூடு இல்லையென்றால் குளிர்காலம் முழுக்கப் பள்ளியை மூட வேண்டியதுதான். சந்தையில் கடை போடும் தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள், பனியிலா? மாநகராட்சியில் போய்க் கேட்டால், பணம் இல்லை என்றார்கள்.

எங்களிடம் அஷார் என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு வேலை என்றால் தெருவே கூடிக் கூலியில்லாமல் செய்யும். உமுத்கான் வீடு வீடாக ஏறினாள்.

"மண்வெட்டியோட வர்றவனுக்குத்தான் சோறு. சும்மா திங்க வந்தா கரண்டியாலயே போடுவேன்!"

என் மினிபஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு நானும் போனேன். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் குழாய் வாங்கி, தெருமுனை வரை பள்ளம் வெட்டிப் புதைத்தோம். மீதிக் குழாய் பெரிய சாலைக்கு அடியில் போக வேண்டும். அதற்கு மாநகராட்சியின் இயந்திரம் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் துணை மேயர் வந்து நின்றார், கூடவே கேமராக்காரன். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புமா கிர்கிஸ் புத்தி? உமுத்கான் புலாவ் பரிமாறினாள். தோளில் சப்பான் அங்கியைப் போர்த்தி, தலையில் கம்பளித் தொப்பியும் வைத்துவிட்டோம். "சாலை வேலையை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, அங்கியோடு காரில் ஏறிப் போனார்.

முதல் பனி விழுந்தும் இயந்திரம் வரவில்லை. உமுத்கானும் நானும் போய்க் கேட்டோம். கேமராக்காரன் அன்று எடுத்த படத்தை, பள்ளத்தருகே துணை மேயர் சப்பானோடு நிற்பதை, எழுத்தர் கணினியில் காட்டினான்.

"அதான் வேலை முடிஞ்சு பணமும் பட்டுவாடா ஆயிடுச்சேக்கா. இனி இந்த வருஷம் கிடையாது."

"யாருக்குடா குடுத்தீங்க? தோண்டினது நாங்க!"

"அப்புறம் எதுக்குச் சப்பான் போத்துனீங்க? வேலை செய்யாதவருக்கு யாராச்சும் போத்துவாங்களா?"

எங்கள் மரியாதையையே ரசீதாக்கிப் பணத்தை விழுங்கியிருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்! உமுத்கான் விருட்டென்று வெளியே நடந்தாள்.

மறுநாள், தாய்மார்களிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளையும் மெத்தைகளையும் கஞ்சிப் பானையையும் என் மினிபஸ்ஸில் ஏற்றினாள்.

"எங்கக்கா போறோம்?"

"மாநகராட்சிக்கு. ஓட்டு, எர்கின்."

குழந்தைகள் மேல் கைவைக்க மாநகராட்சி வாசல் காவலர்களுக்குத் துணிவில்லை. உள்ளே சட்டையைக் கழற்றிப் போடலாம் போல அத்தனை சூடு. பளிங்குத் தரையில் மெத்தைகளை விரித்து, கஞ்சி ஊட்டி, எல்லாரையும் தூங்கவைத்தாள். துணை மேயர் தடதடவென்று இறங்கி வந்தார்.

"என்ன கூத்து இது?"

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்தாங்க."

அவர் குரல் தானாக இறங்கியது. "எழுப்பிக் கூட்டிட்டுப் போங்கக்கா."

"நீங்களே எழுப்புங்க."

குழந்தைகளைப் பார்த்தார், வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்தார். ஓரமாகப் போய், இயந்திரத்தை இன்றைக்கே அனுப்பச் சொல்லிப் போனில் யாரையோ திட்டினார். ஆக, பணமும் இருந்திருக்கிறது, இயந்திரமும் இருந்திருக்கிறது.

அந்தச் சத்தத்தில் ஒரு பெண் குழந்தை கண்விழித்து, உயரமான கூரையைப் பார்த்து மிரண்டது.

"இது யாரு வீடு?"

"நம்ம வீடுதான்டி. தூங்கு" என்றாள் உமுத்கான்.