ஷெர்லின் சொன்ன பாதி பதில்

ஒரகடத்தில் வண்டிகளுக்கு அலுமினிய வார்ப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதன் எக்ஸ்ரே பிரிவில் ஷெர்லின் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். வார்த்தெடுத்த உருப்படிக்குள் காற்றுக் குமிழோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈயத் தகடு பதித்த அறைக்குள் உருப்படியை வைத்து, கதவைச் சாத்தி, வெளியே மேசையிலிருந்து சுவிட்சைப் போடுவாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைக் கண்டால் பாதையின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சேர்ந்த புதிதில் கேண்டீனில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லாமல் இருந்தபோது, அந்த ரூம்தான் காரணம் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இயற்பியலில் பட்டம் வாங்கியவள் அவள். ஒருநாள் மார்பில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். தன்மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்பதை அதுதான் பதிவு செய்கிறது, இத்தனை நாளில் ஒருமுறைகூட அளவு மீறவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடுத்த வருடம் பையனும் பிறந்தான். பேசியவர்களே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

எக்ஸ்ரே எடுத்த வார்ப்பைக் கையால் தொடலாமா என்றார்கள். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் சுவரில் ஒட்டிக்கொண்டா இருக்கிறது, அப்படித்தான் இதுவும் என்றாள். மைக்ரோவேவில் சுடவைத்த சோற்றில் கதிர் இருக்குமா என்றார்கள். சூடுதான் இருக்கும் என்றாள். கல்பாக்கம் அணுகுண்டு மாதிரி வெடிக்குமா என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் நிதானித்தாள். குண்டுக்கு எரிபொருளும் அமைப்பும் வேறு, அணுமின் உலை அப்படி வெடிக்காது. ஆனால் எந்த உலையிலும் விபத்தே வராது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, அது வேறு விதமான ஆபத்து என்றாள். வாழைப்பழத்தில்கூடத் துளியளவு கதிரியக்கம் உண்டு என்று அவள் சொன்ன நாளில் கேண்டீனில் பழக்கூடை அப்படியே திரும்பிப் போனது.

பதில் சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. அதை அவள் மறைத்ததும் இல்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு மதியம், அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் அறிவுமதி வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அக்காவுக்குத் தைராய்டு கோளாறு. கதிரியக்க அயோடின் மருந்து குடிக்கக் கொடுத்துவிட்டு, சில நாள் குழந்தைகளிடம் போகாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உண்மையா, சும்மா பயமுறுத்துகிறார்களா என்று கேட்டாள். உண்மைதான் என்றாள் ஷெர்லின். மருந்து உடம்புக்குள்ளேயே இருந்து கதிர் விட்டுக்கொண்டிருக்கும், அது குறையும்வரை தனியாகப் படுக்க வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், சின்னக் குழந்தையை மடியில் வைக்கக் கூடாது என்று விளக்கமாகச் சொன்னாள். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பக்கத்து மேசையில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி போர்க்லிப்ட் ஓட்டும் சிவசங்கர் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். வணக்கம்கூடச் சொன்னான். தொண்டையில் புண் என்று லீவு எழுதிக் கொடுக்க வந்திருந்தான்.

ஒரு மாதம் கழித்து, மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை நோக்கி நடந்தவளை, கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வழிமறித்தாள். முப்பது வயதிருக்கும். தலை கலைந்திருந்தது.

"நீதான் ஷெர்லினா?"

ஆமாம் என்றதும் அந்தப் பெண் அவள் பேட்ஜையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என் வூட்டுக்காரர எங்க வெச்சிகினு கீற?"

பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் சுகப்பிரியா, சிவசங்கரின் மனைவி என்பதே காவலாளி இடையில் வந்து சொன்ன பிறகுதான் ஷெர்லினுக்குத் தெரிந்தது.

செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு மீதி வெளியே வந்தது. சிவசங்கருக்கு வந்தது வெறும் புண் இல்லை, குரல்வளையில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, கரண்ட் வைத்தே குணப்படுத்திவிடலாம், முப்பத்து மூன்று நாள் விடாமல் வர வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் டாக்டர் நம்பிக்கை கொடுத்திருந்தார். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் கரண்ட் என்கிறார்கள். எட்டு நாள் ஒழுங்காகப் போனான். அப்புறம் ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நண்பனோடு தங்கிக்கொள்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று வயது மகள் காலைக் கட்டிக்கொண்டபோது, அந்த எட்டு நாளும் சொன்னது போலவே கிட்டே வராதே என்று உதறிவிட்டுப் போனான். போனில் கேட்டால், ஷெர்லின் சொல்வதுதான் சரி, நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று வைத்துவிடுவான். அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து சுகப்பிரியாவுக்குப் போன் வந்திருக்கிறது: உங்கள் வீட்டுக்காரர் ஏன் ஒன்பது நாளாகச் சிகிச்சைக்கு வரவில்லை?

ஷெர்லினுக்குக் கேண்டீன் மேசையும் தயிர்சாதமும் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வந்தன. பிறகு, அவர் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

படப்பையில் புது மனைப்பிரிவு ஒன்றில் பாதி கட்டி நிற்கும் நண்பனின் வீடு. தெரிந்தவர் ஒருவர் அங்கே அவனைப் பார்த்ததாகக் காவலாளிதான் அப்போது சொன்னார். இருவரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். பூச்சு பூசாத அறை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். கதவில்லாத நிலைக்கு உள்ளே நின்றுகொண்டு சிவசங்கர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அங்கயே நில்லு சுகா. மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. ஒவ்வொரு கரண்டுக்கும் உள்ள ஏறிகினே போவுது. பாப்பாவ தூக்குனா அதுக்கும் ஒட்டிக்கும். அதான் நிறுத்திட்டேன்."

சுகப்பிரியா அப்படியே மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி வீட்டைத் தேடி வந்தவளுக்கு, இதைக் கேட்டதும் அழவும் தெரியவில்லை, திட்டவும் தெரியவில்லை.

"அண்ணா," என்றாள் ஷெர்லின். "நான் சொன்னது அறிவுமதியோட அக்காவுக்கு. அவங்க குடிச்சது மருந்து, அது உள்ளயே இருக்கும். உங்களுக்கு வெச்சது வெளிய இருந்து வர்றது. மெஷின நிறுத்துனா அங்கயே முடிஞ்சிடும். உங்க உடம்புல ஒண்ணுமே இல்ல."

அவன் நம்பவில்லை. அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், இன்றைக்கு என் பெண்டாட்டி அழுவதைப் பார்த்து ஒன்று சொல்கிறீர்கள் என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏன் கேட்கவில்லை என்றால், அங்கே நீளமான வரிசை, இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தானாம்.

மறுநாள் காலை ஷெர்லின் பிரிவு மேலாளர் சுப்பிரமணியிடம் போய், கதிரை அளக்கும் மீட்டரை இரண்டு மணி நேரம் வெளியே எடுத்துப் போக அனுமதி கேட்டாள். நடந்ததைக் கேட்ட அவர் கையெழுத்துப் போட்டு, தன் காரிலேயே அவளையும் சுகப்பிரியாவையும் படப்பைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மீட்டரைப் போட்டதும் அது ஒன்றிரண்டு தடவை கிளிக் என்றது. சிவசங்கர் முகம் வெளுத்துப் பின்னால் நகர்ந்தான். ஷெர்லின் வெளியே போய்ச் செங்கல் சுவரருகே பிடித்தாள். அங்கேயும் கிளிக். காலி மனையில் பிடித்தாள். சுகப்பிரியாவின் கையருகே பிடித்தாள். மண்ணிலும் கல்லிலும் வானத்திலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருப்பதுதான் இது, எல்லா இடத்திலும் உண்டு என்றாள். பிறகு மீட்டரை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் அதைத் தன் தொண்டைமேல் வைத்தான். வயிற்றில் வைத்தான். மறுபடி சுவரில் வைத்தான். முள் ஒரே இடத்தில்தான் ஆடியது.

அரை மணி நேரத்துக்கு மேல் இதையே செய்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்து, "பாப்பா சாப்டுச்சா?" என்று கேட்டான். சுகப்பிரியா அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அன்றே காஞ்சிபுரம் போனார்கள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று ஷெர்லினுக்குப் பட்டது. சிகிச்சைக்கு நடுவில் இடைவெளி விட்டால், அதிலும் தொண்டையில், மிச்சமிருக்கும் கட்டி அந்த நாட்களில் மறுபடி வளரத் தொடங்கிவிடும் என்று சொன்னார். திட்டத்தை மாற்றிச் சில நாட்களைக் கூட்டலாம். ஆனால் போன ஒன்பது நாள் போனதுதான், முதலில் கொடுத்த அதே நம்பிக்கையை இப்போது கொடுக்க முடியாது என்றார். ஷெர்லின் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் வாய்வலிக்கப் பதில் சொன்னதில், கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவனின் பயம் தன் கண்ணில் படவே இல்லை என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

மீதி நாட்களில் அவன் ஒருநாள்கூடத் தவறவில்லை. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, கஞ்சிகூட இறங்கவில்லை, ஆனாலும் போனான். மூன்று மாதம் கழித்துக் குரல் கொஞ்சம் தடித்துத் திரும்பியது. இப்போது மறுபடி போர்க்லிப்ட் ஓட்டுகிறான். இதுவரை நடந்த பரிசோதனைகளில் கட்டி தென்படவில்லை. இன்னும் சில வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

ஷெர்லின் ஒரு மாதம் கேண்டீன் பக்கமே போகவில்லை. டிபன் பாக்ஸைத் தன் மேசையிலேயே திறந்தாள். பிறகு அறிவுமதிதான் வந்து இழுத்துப் போனாள். இப்போதும் பதில் சொல்கிறாள். ஆனால் யாராவது கதிர் என்று வாயெடுத்தால், யாருக்கு என்ன ஆச்சு என்று முதலில் கேட்கிறாள். பக்கத்து மேசையையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள்.

சுகப்பிரியா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள், நன்றியும் சொன்னாள். ஆனால் போன மாதம் பரிசோதனைக்குப் போய்விட்டு வரும் வழியில், வாலாஜாபாத் பஸ் நிறுத்தத்தில் ஷெர்லினைப் பார்த்தபோது, கேட்காமலே ஒன்றைச் சொன்னாள்.

"அவரு வூட்டுக்கு திரும்பி வந்தப்பறம் ரெண்டு மாசம் பாப்பா அவர்கிட்ட போவலக்கா. அவரு உள்ள வந்தாலே தானா போயி செவுத்தோரம் நின்னுக்கும். கிட்ட வராதன்னு அவரே சொல்லி பழக்கிட்டாரு இல்ல."

பஸ் வந்தது. சுகப்பிரியா ஏறிக்கொண்டாள். ஷெர்லின் போக வேண்டியதும் அதே பஸ்தான். அவள் அதில் ஏறவில்லை.