மதாம் தீர்ப்புச் சொல்லாமல் போன நாய்

மதாம் செலஸ்தீன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில், எங்கள் நாய் டூக்குக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அவருடைய தங்கை ஃபோன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சுந்தர். எழுப்பப் போனேன், எழுந்திருக்கல" என்றார். பிசைந்த கையோடு அப்படியே நின்றேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் பயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் நாய்க் கண்காட்சிகளுக்கு வந்துபோகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. குருசுக்குப்பத்துக்காரர், பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜட்ஜாக ரிங்குக்குள் இறங்கிவிட்டால் தெரிந்த முகத்தைப் பார்த்துக்கூடச் சிரிக்க மாட்டார். நாய்களை வரிசைப்படி அவர் முன்னால் கூப்பிட்டு நிறுத்துவது பல வருடங்களாக என் வேலை. தொடுவதற்கு முன் ஒவ்வொரு நாயிடமும் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் 'மெல்ல, மெல்ல' என்று அர்த்தம். நாய்களுக்கு அது புரிந்தது. சில சொந்தக்காரர்களுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

ஒரு முறை அவருடைய தங்கையே தன் லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதாம் சட்டென்று ரிங்கை விட்டு வெளியே போனார். என்ன மதாம் என்று பின்னால் ஓடினேன். "அது எம் மடியில தூங்கற நாய்ப்பா. எனக்கு அழகாத்தான் தெரியும். வேற ஆளைக் கூப்பிடு" என்றார். பிடிக்காத ஆளின் நாய் வந்தாலும் இதே கதைதான். "எனக்கு அந்த ஆளு மேல கோவம் இருக்கு, நான் பாக்கக் கூடாது" என்று ஒதுங்கிக்கொள்வார். இப்படி ஒதுங்கிக்கொண்டே இருந்தால் யார்தான் பார்ப்பது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாயை நிறுத்துகிறவர்கள் கயிற்றைக் காதுக்குப் பின்னால் ஏற்றி, மேலே இழுத்துப் பிடிப்பார்கள். தலை நிமிர்ந்து நிற்கும், பார்க்க ஜோராக இருக்கும். மதாம் கிட்டே வந்ததும் "கயிறைத் தளர்த்துங்க" என்பார். நாயின் வாயைச் சொந்தக்காரர் திறந்து பல்லைக் காட்டவும் விட மாட்டார். தன் கையால்தான் திறந்து பார்ப்பார். "நீங்க இழுத்துப் பிடிச்சா நீங்கதான் நிக்கறீங்க. நாய் எங்க நிக்குது?" என்று ஒரு பெரிய மனிதரை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெரிய மனிதர் கஜேந்திரன். நம் நாய் வளர்ப்போர் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய டாபர்மேன் பாரோன் ரிங்கில் வந்து நின்றால் சிலைதான். ஒரு ரோமம் அசையாது. கூட்டம் அன்றும் கைதட்டியது. மதாம் சொன்னபடி கஜேந்திரன் வேண்டாவெறுப்பாகக் கயிற்றைத் தளர்த்தினார். பாரோன் அப்போதும் அசையவில்லை. மதாம் குனிந்து கையை நீட்டினார். பாதி வழியில் அந்தக் கை நின்றது. அப்படியே பின்னால் நகர்ந்து, "வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கஜேந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா மதாம், உறுமுச்சா? பல்லைக் காட்டுச்சா? சின்னதா ஒரு சத்தம் போட்டுச்சா?" என்று கத்தினார்.

"இல்ல மிசியே. அதான் எனக்கு பயமா இருக்கு" என்றார் மதாம்.

பிறகு நான் தனியாகக் கேட்டபோது சொன்னார். "எல்லாரும் காலைப் பாக்கறீங்க, முதுகைப் பாக்கறீங்க. மூச்சைப் பாக்கறீங்களா? நாம கிட்ட போறப்ப அது மூச்சையே நிறுத்திடுச்சுப்பா. அது அழகா நிக்கல. முடிவு பண்ணிட்டு நிக்குது." எனக்கு அன்று அது பாதிதான் விளங்கியது. சத்தமே போடாத நாயைத் தள்ள விதியில் இடமில்லை என்று சங்கத்தில் ஒரே அமர்க்களம். அடுத்த வருடம் மதாமைக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பாரோனுக்கு எல்லாவற்றுக்கும் மேலான பரிசைக் கொடுத்தார். 'அசையாமல் நிற்கும் கம்பீரம்' என்று மைக்கில் வேறு சொன்னார். சாம்பியன் குட்டி வேண்டும் என்று ஊரே கஜேந்திரன் வீட்டு வாசலில் நின்றது.

அப்படிப் போன குட்டிகளில் ஒன்றை என் மாப்பிள்ளை சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கே தூக்கிவந்தார். அதுதான் டூக். அது வளர்ந்து பெரிய நாயானபோது என் பேத்தி யாழினி நடக்கத் தொடங்கியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நேராக அதனிடம்தான் போவாள். அது அசையாமல் நிற்கும். "பாருங்கப்பா, எவ்ளோ சமத்து! பாப்பா வந்தா நகரக்கூட மாட்டேங்குது" என்று என் மகள் கவிதா பூரித்துப் போவாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் பூரித்தேன்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மதாம் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கையில் இருந்தது. யாழினி டூக்கின் தட்டுப் பக்கம் போனாள். டூக் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்காமல் நின்றது. மதாம் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"குழந்தையை எடு" என்றார். அத்தனை சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எடுத்துவிட்டேன்.

கவிதாவுக்குச் சுருக்கென்றது. "மதாமுக்கு பாரோன் மேலயே கோவம். அதான் இதையும் பிடிக்கல" என்று அவர் காது படவே சொன்னாள். எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல வந்தது. மதாம் கோபப்படவில்லை. "அவ சொல்றதுல நியாயம் இருக்கு சுந்தர். அப்பனைப் பாத்த கண்ணால பிள்ளையைப் பாக்கறேனோ என்னவோ. ஞாயித்துக்கிழமை வரேன். கயிறைத் தளர்த்தி, புதுசா பாக்கறேன். அதுவரைக்கும் பாப்பாவ கிட்ட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாய்க்குக்கூட அநியாயம் செய்துவிடக் கூடாது என்று பயந்த மனுஷி ஐயா அவர்!

சனிக்கிழமை மாலையே அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் கஜேந்திரனும் மாலையோடு நின்றார். "நல்ல ஜட்ஜுப்பா, கொஞ்சம் பிடிவாதம்" என்றார். பாரோன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்ப கட்டியேதான் வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவருடைய வலது கையில், மணிக்கட்டுக்கு மேலே தையல் போட்ட தழும்பு புதிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை விடும் நேரத்துக்கு, பேத்தியை மாடிக்கு அனுப்பிவிட்டு நானே டூக் முன்னால் நின்றேன். கயிற்றைத் தளர்த்தினேன். "தூஸ்மான்" என்றேன். என் வாயில் அது சரியாகக்கூட வரவில்லை. கையை நீட்டினேன். அதன் விலா ஏறி இறங்குவது நின்றது. என் கை பாதி வழியில் தானாக நின்றது.

இப்போது டூக் பின்கட்டில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "செத்தவங்க பேச்சைக் கேட்டு உயிரோட இருக்கறத அடைச்சு வெக்கறீங்களா?" என்று கவிதா கேட்டாள். அதன் பிறகு அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் பார்த்தது சரிதானா என்று கேட்க மதாமும் இல்லை. சில நாள் யாழினி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் டூக்கும் அசையாமல் நிற்கிறது.

மதாமிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பாதியில் நின்ற அந்தக் கைதான். பாரோனின் குட்டிகள் இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அது சிலை மாதிரி நின்றால் கைதட்டாதீர்கள். கயிற்றைத் தளர்த்துங்கள், மூச்சைப் பாருங்கள். அதற்கும் முன்னால், குழந்தையை எடுத்துவிடுங்கள்.