வெயில் ஆகாத வண்டி

சித்தப்பாவின் மோட்டார் பைக்குக்கு வெயில் ஆகாது. அவர் இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மனுஷனுக்கு ஆகாது என்றால் சரி, இரும்புக்கு என்ன வந்தது?

சித்தப்பா சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் ஊசி மருந்துப் பெட்டியோடு போகவேண்டிய வேலை. அதற்காக யாரிடமோ பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். காலையில் ஒரே உதையில் கிளம்பும் அது, உச்சி வெயிலில் எங்காவது நடு ரோட்டில் நின்றுவிடும். அரை மணி நேரம் மர நிழலில் நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும்.

என் அப்பாவுக்குக் கிணற்று இன்ஜின்களைப் பழுது பார்ப்பதுதான் தொழில். சித்தப்பா வீடு திரும்பியதும் வண்டியை முற்றத்தில் நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து உதைத்துக் காட்டுவார். நீலமாகப் பொறி தெறிக்கும். பொறி விழவைக்கும் பாயிண்டைத் தேய்த்துப் பார்ப்பார், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லலே. ஓட்டுதவன்கிட்டதான் கோளாறு" என்பார் அப்பா.

சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அதற்குமேல் வாதம் பண்ணத் தெரியாது அவருக்கு. தொழில் தெரிந்த அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினாரோ என்னவோ. சித்தி மட்டும் சிரிக்கமாட்டாள்.

அந்தக் கோடையில் மாடுகளுக்குக் கோமாரி கண்டிருந்தது. சித்தப்பா தினமும் காலையில் போய் பொழுது சாயத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம், குருவிகுளத்துக்கு இந்தப் பக்கம், அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதைப் பருத்திக்காட்டில் நின்ற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். நிழலுக்கு ஒதுங்க அங்கே மரம் கிடையாது. ரொம்ப தூரம் தள்ளி, முதல் உடைமரம் வந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில், நெஞ்சு நின்றுபோய்விட்டது என்று சொன்னார்கள்.

சாயங்காலம் வண்டியை எடுத்துவரப் போன உறவுக்காரர், முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று வந்து சொன்னார். துக்க வீட்டில் அதை ஒருவருக்கொருவர் ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அப்பா கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அதுவரை அறையைவிட்டு வெளியே வராத சித்தி, கதவருகில் வந்து நின்றாள்.

"விக்காதிய அத்தான். அதுல என்ன கோளாறுன்னு மொதல்ல பாருங்க."

"எத்தனையோ தடவை பாத்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல."

"சாயங்காலம் முத்தத்துல வச்சுப் பாத்தா எப்படித் தெரியும்? உச்சி வெயில்ல ஓட்டிப் பாருங்க. அவுக பொய் சொல்லமாட்டாக."

வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் மத்தியானம் அப்பா வண்டியை எடுத்தார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என் தலையில் ஈரத் துண்டைப் போட்டுப் பின்னால் ஏற்றிவிட்டாள். குருவிகுளம்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. காற்று அனலாக முகத்தில் அடித்தது. திரும்பி வரும்போது, இரண்டு தடவை இருமியதுபோல் குலுங்கி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டியவரை ஒரு மரமில்லை.

அப்பா பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து உதைத்தார். பொறி இல்லை. மறுபடியும் உதைத்தார், இல்லை. பெட்ரோல் டாங்கிக்கு அடியில், பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயில் என்ற கம்பிச் சுருள் இருந்த இடத்தில் கையை விட்டவர், சுட்டதும் வெடுக்கென்று எடுத்தார். பிறகு பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அந்த வெயிலில் அப்படி ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கொஞ்ச நேரம் ஆறப் போட்டா ஓடும்ப்பா. சித்தப்பா சொல்லுவாகள்லா?"

அப்பா பிளக்கை மாட்டி, என்னைத் தூக்கி வண்டிமேல் உட்காரவைத்துத் தள்ள ஆரம்பித்தார்.

பின்னால் பருத்தி ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்த வேனல்ல பிள்ளையையும் வச்சுத் தள்ளுதிய? வண்டியத் தூக்கி மேல போடுவோம்."

"வேண்டாம். பிள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போம்."

நான் இறங்க மாட்டேன் என்றேன். டிராக்டர் போய்விட்டது. அந்த உடைமரத்தடிக்கு வந்தபோதாவது நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. மூச்சு இரைக்க இரைக்கத் தள்ளினார். வேர்வையில் நனைந்த சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சும்மா கிடைத்த டிராக்டரை விட்டுவிட்டாரே என்று எனக்கு அப்பாமேல் கோபமாக இருந்தது.

வீட்டு வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"காயிலும்மா. சூடானா கரண்ட் தரமாட்டேங்கு. ஆறுனா தருது."

"அப்ப அவுக சொன்னது நெசந்தானே அத்தான்?"

"நெசந்தான்."

சித்தி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் வெகுநேரம் நின்றார்.

அப்பா ராஜபாளையம் போய்ப் புதுக் காயில் வாங்கிவந்தார். அதை மாட்ட அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு திருகாணி, சில வயர்கள், அவ்வளவுதான். இத்தனை நாள் இவ்வளவு பேரைப் படுத்திய சங்கதி அப்பாவின் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அன்று மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

தெருமுனையில் காத்திருந்தேன். தூரத்தில் சத்தம் கேட்டதும் குதித்தேன். இளையரசனேந்தல்வரை போய்வந்ததாக அப்பா சொன்னார். எங்கேயாவது நின்றதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வண்டியிலிருந்து இறங்காமல் அப்படியே இருந்தார்.

நான் உள்ளே ஓடினேன். சித்தி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, வண்டி எங்கனயும் நிக்கவே இல்லயாம்! உச்சி வெயில்ல இளையரசனேந்தல் போய்ட்டுத் திரும்பியாச்சு!"

தண்ணீருக்குள் இருந்த அவள் கை அசையாமல் நின்றது. அவள் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் போய், இன்னும் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.