மாடசாமி அண்ணன் பேருக்கு நான் சொன்ன "இருக்கேன்"

அழுகின பூண்டு வாசனை எங்கயாவது வந்தா இன்னைக்கும் நான் பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு எண்ணிப் பார்ப்பேன். வீட்டுல பூண்டு உரிச்சா ஒண்ணும் இல்ல. அழுகினதுதான்...

பன்னெண்டு பதிமூணு வருஷம் இருக்கும். செங்கோட்டை தாண்டி புளியறை போற ரோட்டுல ஒரு சுக்கு குடோன்ல வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கேரளாவுல இருந்து லாரில சுக்கு வரும். தரம் பிரிச்சு, மூட்டை கட்டி, தூத்துக்குடி வழியா கப்பல்ல வெளிநாடு போகும். எனக்கு பேப்பர் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அப்புறம் சரக்குக்குப் பூச்சிமருந்து வச்சாச்சுன்னு சொல்ற அந்த ஃபூமிகேஷன் சர்ட்டிஃபிகேட்.

சுக்குல வண்டு விழும். உசுரோட ஒரு வண்டு அந்த நாட்டுத் துறைமுகத்துல இறங்கினா போதும், மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பிருவாங்க. அதனால கன்டெய்னர்ல ஏத்துறதுக்கு முன்னால, அடுக்கி வச்ச மூட்டை அட்டி மேல பெரிய பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடி, ஓரமெல்லாம் மணல் பை வச்சு அடைச்சு, உள்ள மாத்திரை வைப்பாங்க. காத்துல இருக்குற ஈரம் பட்டா அது விஷவாயுவா மாறும். அதுக்குத்தான் அந்தப் பூண்டு வாசனை. அஞ்சு நாள் குடோன் கதவைத் திறக்கக் கூடாது.

மருந்து வைக்க தென்காசியில இருந்து ஜெபமணி அண்ணாச்சி வருவார். லைசென்ஸ் உள்ள ஆளு, பேச்சு கம்மி. அவர்கிட்ட ஒரு பழக்கம்... டார்ச் அடிச்சு குடோனை ஒரு சுத்து சுத்திட்டு, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, வாசல்ல நின்னு லோடுமேன் பேரையெல்லாம் சத்தமா வாசிப்பார். ஒவ்வொருத்தனும் "இருக்கேன்"னு சொல்லணும். கடைசிப் பேருக்கு பதில் வந்த பிறகுதான் மாஸ்க்கை மாட்டிக்கிட்டு மாத்திரை டப்பாவைத் தொடுவார்.

ஸ்கூல் அட்டெண்டன்ஸ் எடுக்காருன்னு நாங்க கேலி பண்ணுவோம்.

சீசன் வந்தா எங்க ஆளுங்களுக்கு கால் தரையில பாவாது. குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு தெரிஞ்சா துண்டைத் தோள்ல போட்டு பஸ் ஏறிருவாங்க. அவங்க பேருக்கு இன்னொருத்தன் "இருக்கேன்" சொல்லிருவான். ஆளு வெளியதானே போயிருக்கான், குடோனுக்குள்ள இல்லயேன்னு எங்களுக்கு ஒரு நியாயம்.

அன்னைக்கு காலையில லோடுமேன் மாடசாமி அண்ணன் எங்கிட்ட வந்தார். முந்தின நாள் முழுக்க லாரி இறக்கின அலுப்பு முகத்துல தெரிஞ்சது.

"தம்பி, மத்தியானம் ஒரு எட்டு அருவிக்குப் போயிட்டு வந்துருதேன். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கி. அண்ணாச்சி பேரு கூப்பிட்டா கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"போயிட்டு வாங்கண்ணே"ன்னேன்.

மதியம் சாரல். அண்ணாச்சி ஒரு கையில குடையோட, பேப்பர் நனையாம குனிஞ்சு வாசிச்சார். "மாடசாமி..." கூட்டத்துக்குப் பின்னால நின்னு நான்தான் "இருக்கேன்"னு சொன்னேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கல. மருந்து வச்சார், கதவைப் பூட்டினார், டேஞ்சர் நோட்டீஸ் ஒட்டினார்.

நான் பேப்பரை எடுத்துக்கிட்டு செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். டீக்கடையில ஒரு குடும்பம், தேச்ச எண்ணெய் தலையிலயே இருக்க, நனையாத துணியோட நின்னுட்டு இருந்தாங்க. அந்த வீட்டு ஆளு கடைக்காரர்ட்ட சொல்லிட்டு இருந்தார்.

"எங்க குளிக்க? காலையிலயே வெள்ளம் வந்துட்டு. மெயின் அருவி, ஐந்தருவி எங்கயும் போலீஸ் விடல."

டீ கிளாஸ் கையிலயே நின்னுபோச்சு. அருவியில விடலன்னா, மாடசாமி அண்ணன் எங்க?

அவர் செல்லுக்கு அடிச்சேன். ரிங் போகுது, எடுக்கல. அண்ணாச்சிக்கு அடிச்சேன். புளியறையில சாப்பிட்டுட்டு இருந்தார்.

"அண்ணாச்சி... மாடசாமி அண்ணன் பேருக்கு நான்தான் குரல் கொடுத்தேன். அவரு வெளிய நின்ன கூட்டத்துல இல்ல, அருவிக்கும் போயிருக்க முடியாது."

அவர் திட்டல. "நான் குடோனுக்குப் போறேன். நீ அவன் நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருலே. நிறுத்தாத."

ஆட்டோல போற வழியெல்லாம் அடிச்சேன். அண்ணாச்சி பூட்டின கதவுல காதை வச்சுக் கேட்டிருக்கார். மழைச் சத்தத்துக்கு நடுவுல, உள்ள செல்லு அடிச்சிருக்கு.

நான் போய்ச் சேரும்போது அண்ணன் வெளிய ஈர மண்ணுல ஒருக்களிச்சுக் கெடந்தார். வாந்தி. உதடெல்லாம் நீலம். அண்ணாச்சி மாஸ்க்கோட தனியாளா இழுத்துட்டு வந்திருக்கார். அருவிக்குப் போக வழியில்லன்னு தெரிஞ்சதும் அண்ணன் குடோன் கோடியில காலிச் சாக்கு மேல படுத்து, குளிருக்கு ரெண்டு சாக்கை இழுத்துப் போத்தியிருக்கார். டார்ச் வெளிச்சத்துல வெறும் சாக்குதான் தெரிஞ்சிருக்கு.

பிழைச்சுக்கிட்டார். தென்காசி ஆஸ்பத்திரியில அவர் எந்திரிச்சு உட்கார்ந்த அன்னைக்கு சொல்லிட்டேன்.

"அண்ணே, உங்க பேருக்கு இருக்கேன்னு சொன்னது நான்தான். மன்னிச்சிருங்க."

அண்ணன் போர்வையை ஒதுக்கிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி கூப்பிட்டது அரைத் தூக்கத்துல எனக்குக் காதுல விழுந்துச்சு தம்பி. எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள யாரோ இருக்கேன்னுட்டான். சரி, முடிஞ்சுதுன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

கோபமா சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல.

அதுக்கப்புறம் அவர் மூட்டை தூக்கல. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். இப்ப வீரகேரளம்புதூர்ல மகன் கடையில உட்கார்ந்திருக்கார், போன் பண்ணா நல்லாத்தான் பேசுதார். அண்ணாச்சி பேர் வாசிக்கிறதையே விட்டுட்டார். ஒவ்வொருத்தனும் முன்னால வந்து நிக்கணும். முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டு அனுப்புவார். வேலையை விடுற வரைக்கும் அப்படித்தான் செஞ்சார்.

இப்ப நான் தூத்துக்குடியில ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கேன். சர்ட்டிஃபிகேட் கம்ப்யூட்டர்லயே வந்துருது. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி... எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. ஆளெல்லாம் வெளிய வந்தாச்சான்னு கேக்க அதுல ஒரு கட்டம் இல்ல. அதனால மருந்து வைக்கிறதுக்கு முன்னால நான் குடோனுக்கு வீடியோ கால் போட்டு ஒவ்வொரு முகமா காட்டச் சொல்லுவேன். சாருக்கு வேற வேலை இல்லன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அன்னைக்கு நாங்களும்தான் சிரிச்சோம்.

போன வாரம் பிள்ளைகளோட குத்தாலம் போனேன். அருவிச் சத்தத்துல ஒரு அம்மா "செல்வி... ஏட்டி செல்வி..."ன்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க. "இங்கனதான் நிப்பா, வாங்க"ன்னு யாரோ பதில் சொன்னாங்க.

நான் தலையில எண்ணெயோட அப்படியே நின்னேன்.

செல்வியே வந்து "இருக்கேம்மா"ன்னு சொன்ன பிறகுதான் தண்ணிக்குள்ள போனேன்.